சிடி போட்டால் கணினி நின்றுவிடுகிறது: சுங்கை சிப்புட் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிற சின்னப் பட்டணம் எங்களுடையது. சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். ஓடுகிற பொருளை இங்கே யாரும் எளிதில் தூக்கிப் போட மாட்டார்கள். கோயில் கணக்கு இன்னும் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடுகிறது. தையல் கடை அக்காவின் பூவேலை மெஷினுக்கான மென்பொருள் சிடியில்தான் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது பள்ளிக்கு வந்த பாடச் சிடித் தட்டுகளைப் பேரனுக்காக எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதனால் "சிடி போட்டேன், பாதியிலேயே ஹேங் ஆயிருச்சு" என்ற புகார், கணினி பழுதுபார்க்கும் என் அஞ்சடிக் (கடைவரிசை நடைபாதை) கடைக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. சொன்னதையே சொல்லி வாய் வலிக்கிறது. எழுதி வைத்துவிடுகிறேன்.

மென்பொருள் ஏற்றும்போது (இன்ஸ்டால் செய்யும்போது) கணினி அப்படியே நின்றுவிட்டது. சுவிட்சை அடைத்துவிடலாமா?

வேண்டாம். முதலில் அது உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பாருங்கள். விசைப்பலகையில் நம் லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினிக்கு உயிர் இருக்கிறது, வேலையில் மூழ்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். எத்தனை முறை அழுத்தியும் விளக்கு அசையவில்லை, சுட்டியின் அம்பும் நகரவில்லை என்றால் நின்றுவிட்டது.

உயிர் இருக்கிறதா, அப்புறம் ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு டேப் விசையைத் தட்டிப் பாருங்கள். "இரண்டாம் தட்டைப் போடவும்" என்று கேட்கும் சின்னப் பெட்டி, பெரிய சன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். அது உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும், நீங்கள் அதற்காகக் காத்திருப்பீர்கள். இரண்டு மணி நேரம் இப்படிக் காத்திருந்துவிட்டு, கணினியைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் காசு வாங்குவதில்லை. ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

கணினி முகப்பில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் விளக்கோ சிடி டிரைவின் விளக்கோ விட்டு விட்டு மினுக்கினால் அரை மணி நேரம் கொடுங்கள். இரண்டும் அணைந்தே கிடந்தாலோ, அசையாமல் எரிந்துகொண்டே இருந்தாலோ பத்து நிமிடம் போதும்.

காதையும் பயன்படுத்துங்கள். டிரைவ் விர்ரென்று வேகம் எடுத்து, இறங்கி, ஒரு "டிக்", மறுபடி விர்ரென்று ஏறினால், ஒரே இடத்தைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது. அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டுப் பழகிவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

நின்றுவிட்டது உறுதி. கோளாறு தட்டிலா, டிரைவிலா, கணினியிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

மற்றதை எல்லாம் மறந்தாலும் இந்த ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பால் வடியும் மங்கில் (கோப்பையில்) பால் குறைந்தால் எடுத்த எடுப்பில் மரத்தைக் குறை சொல்ல மாட்டார். கத்தி மழுங்கியிருக்கிறதா, வெட்டு ஆழமாகப் போய்விட்டதா, இரவில் மழை பெய்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இங்கேயும் அதே கதைதான். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு எளிய வழி, தட்டிலிருந்து நேரடியாக ஏற்றாமல் முதலில் நகலெடுப்பது.

தட்டைப் போட்டதும் தானாக எழும் ஏற்றும் சன்னலை மூடிவிடுங்கள். மை கம்ப்யூட்டரில் சிடி டிரைவின் படத்தின் மேல் சுட்டியின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தித் திறவுங்கள். உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, முகப்புத் திரையில் ஒரு புதிய கோப்புறை போட்டு அதற்குள் நகலெடுங்கள். ஒரு சிடியில் அதிகம் போனால் 700 எம்பிதான். நல்ல தட்டு, நல்ல டிரைவ் என்றால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நகலெடுக்கும்போதே நின்றால் குற்றம் தட்டிலோ டிரைவிலோதான். அதே தட்டை வேறொரு கணினியில் போட்டு நகலெடுத்துப் பாருங்கள். அங்கே சுகமாக நகலானால் உங்கள் டிரைவ் நோயாளி. அங்கேயும் அதே கோப்பில் நின்றால் தட்டு போய்விட்டது.

நகல் முழுதாக முடிந்ததா? இப்போது கோப்புறைக்குள் இருக்கும் செட்அப் கோப்பை ஓடவிடுங்கள். மென்பொருள் ஏறிவிட்டால் உங்கள் பிரச்சினை தீர்ந்தது, டிரைவ் கொஞ்சம் சோர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இப்படி ஏற்றியும் நின்றால் தட்டும் டிரைவும் நிரபராதிகள். கணினிக்குள்தான் தேட வேண்டும். சில மென்பொருள்கள் மூலத் தட்டு உள்ளே இருக்கிறதா என்று பார்க்கும். ஆகையால் நகலிலிருந்து ஏற்றினாலும் தட்டை வெளியே எடுக்காதீர்கள்.

இந்தச் சோதனையை நான் கற்றுக்கொண்டதே ஓர் அவமானத்தில்தான். கடை திறந்த புதிதில், ஓர் ஐயாவின் கணக்கு மென்பொருள் ஏறவே இல்லை. தட்டில் இரண்டு கீறல் தெரிந்தது. "ஐயா, தட்டு கெட்டுப்போச்சு" என்று சொல்லி அவரை ஈப்போவுக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். புதுத் தட்டும் நின்றது. கடைசியில் பார்த்தால் கோளாறு நினைவகத் (ரேம்) துண்டில். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் டிக்கெட்டை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், அதே 63 விழுக்காட்டில் நிற்கிறது. ஏன்?

ஒரே இடத்தில் நின்றால் பெரும்பாலும் தட்டுதான். ஒவ்வொரு முறை வேறு வேறு இடத்தில் நின்றால் சூடு, நினைவகம், மின்சாரம் என்று சந்தேகப்படுங்கள்.

சிடியில் தகவல் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுருள் சுருளாக எழுதப்பட்டிருக்கும். அதனால் நிறைந்த தட்டில் விளிம்போரக் கீறல்கள் கடைசிக் கட்டத்தில்தான் தொல்லை கொடுக்கும். "90 வரைக்கும் நல்லாத்தான் போச்சு அண்ணே" என்பார்கள். ஓரத்தைப் பிடித்துப் பிடித்து அங்கேதான் விரல் ரேகையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்திருக்கும்.

தட்டை எப்படித் துடைப்பது? பற்பசை தேய்க்கலாம் என்கிறார்களே?

சுத்தமான பருத்தித் துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்துப் பிழிந்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. நேர்குறுக்கே விழும் சிறு கீறலைத் தாண்டிப் படிக்க டிரைவுக்குத் தெரியும். சுருளோடு சேர்ந்து ஓடும் கீறல் தொடர்ச்சியாகத் தகவலை அழித்துவிடும், அப்போது அதற்கு ஒன்றும் செய்யத் தெரியாது. எண்ணெய் போகவில்லை என்றால் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. தின்னர், மண்ணெண்ணெய் பக்கமே போகாதீர்கள்.

பற்பசை மேலோட்டமான கீறலை மழுங்கடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் நன்றாக இருந்த இடத்திலும் அது கீறும். தட்டு எப்படியும் குப்பைக்குத்தான் என்ற நிலை வந்த பிறகு செய்து பாருங்கள், அதற்கு முன் வேண்டாம்.

இன்னொன்று. எல்லோரும் அடிப்பக்கத்தையே கவனிக்கிறார்கள். சிடியின் கனம் 1.2 மில்லிமீட்டர். ஒளியைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சு படம் அச்சிட்ட மேல்பக்கத்துக்குக் கீழேயே இருக்கிறது. மேலே பேனா முனை கீறினால் தகவலே உரிந்துவிடும், அதற்கு மருந்து இல்லை. தட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஊசித் துளை போல ஒளி தெரிந்தால் அந்த இடம் போய்விட்டது. டிவிடியில் அந்தப் பூச்சு இரண்டு பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவில் இருப்பதால் மேல்பக்கக் கீறலைக் கொஞ்சம் தாங்கும்.

நடுத் துளையைச் சுற்றி வெடிப்பு இருந்தால் போடவே போடாதீர்கள். 52 மடங்கு வேக டிரைவ் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்குப் பக்கமாகச் சுழலும். வெடிப்புள்ள தட்டு உள்ளேயே சிதறி டிரைவையும் சேர்த்துக் கொண்டு போய்விடும்.

தட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. பத்து வருடம் அலமாரியில் இருந்தது. எப்படிக் கெடும்?

கெடும். எங்கள் ஊர் ஈரத்துக்கு எதுதான் கெடாது? தட்டின் விளிம்பு சரியாக மூடப்படவில்லை என்றால் ஈரம் உள்ளே போய் உலோகப் பூச்சைக் கறுக்க வைக்கும். பூஞ்சணம் சிடியைத் தின்ற கதையும் உண்டு. மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் அப்படி ஒரு தட்டு கிடைத்ததாக 2001இல் செய்தி வந்தது. அதுவும் வெக்கையும் ஈரமும் நிறைந்த நாடுதான்.

வீட்டில் எழுதிய தட்டுகள் இன்னும் மோசம். ஆலையில் அச்சடித்த தட்டின் அடிப்பக்கம் வெள்ளி நிறத்தில் இருக்கும். கணினியில் எழுதிய தட்டு பச்சை, நீலம், ஊதா என்று சாயல் அடிக்கும். அது தகவலைத் தாங்கும் சாயம். சூட்டிலும் வெயிலிலும் மங்கிப் போகும். கார் டேஷ்போர்டில் ஒரு மத்தியானம் வைத்தால் அதற்கு ஆயுள் குறைந்ததுதான்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய சிடி. அதுவும் நிற்கிறது…

ஐந்து வெள்ளிக்கு வாங்கிய திருட்டு மென்பொருள் தட்டுக்கு என்னிடம் வைத்தியம் இல்லை. அவசரத்தில் உச்ச வேகத்தில் எழுதியிருப்பார்கள், சரிபார்த்திருக்க மாட்டார்கள், பாதிக் கோப்பு குறையாக இருக்கும், வைரஸ் முழுசாக இருக்கும். அதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருள்கள் இன்று ஏராளம். கடிதமும் கணக்கும் போட லிப்ரே ஆபிஸ் போதும்.

எந்தச் சிடியைப் போட்டாலும் நிற்கிறது. டிரைவை மாற்ற வேண்டுமா?

மாற்றுவதற்கு முன் மூன்று விஷயம். லென்சில் தூசி படிந்திருக்கலாம். சின்னத் தூரிகை ஒட்டிய துப்புரவுத் தட்டு கடைகளில் கிடைக்கும், ஒருமுறை ஓடவிடுங்கள். அடுத்து, பெட்டியைத் திறந்து டிரைவுக்குப் போகும் கேபிளைக் கழற்றி மறுபடி இறுக்கமாகச் செருகுங்கள். மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகுதான் திறக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என நினைக்கிறேன். உள்ளே எறும்புக் கூடோ பல்லி முட்டையோ இருந்தால் பயப்படாதீர்கள், நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு மட்டும். டிரைவ் படிக்கும் தகவல், செயலியை (கணினியின் மூளையான சிபியுவை) தொந்தரவு செய்யாமல் நேரே நினைவகத்துக்குப் போகும் முறைக்கு டிஎம்ஏ என்று பெயர். கெட்ட தட்டால் ஆறு முறை பிழை சேர்ந்துவிட்டால் எக்ஸ்பி பயந்துபோய் பிஐஓ என்ற பழைய முறைக்கு இறங்கிவிடும். அதில் ஒவ்வொரு துளித் தகவலையும் செயலியே சுமக்க வேண்டும். அம்பு தத்தித் தத்தி நகரும், பாட்டு திக்கும். கெட்ட தட்டை எடுத்துவிட்டாலும் அது தானாகப் பழைய வேகத்துக்குத் திரும்பாது. டிவைஸ் மேனேஜரில் சிடி டிரைவ் மாட்டியிருக்கும் ஐடிஇ சேனல் என்ற இணைப்பை, பெரும்பாலும் செகண்டரி என்று இருக்கும், அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுபடி தொடங்குங்கள். அது புதிதாக அடையாளம் கண்டு டிஎம்ஏவுக்குத் திரும்பிவிடும். இதற்காகப் புது டிரைவ் வாங்கியவர்கள் உண்டு.

யுஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் என்றால் கணினியின் பின்பக்கத் துளையில் நேரே செருகுங்கள். பழைய யுஎஸ்பி 2 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும். தட்டு வேகமெடுக்கும் நேரத்தில் அது போதாமல் டிரைவ் மூச்சுத் திணறும். நாலு துளைப் பிரிப்பானில் மாட்டினால் இன்னும் மோசம்.

நகல் ஒழுங்காக முடிந்தது. ஆனால் ஏற்றும்போது நிற்கிறது. கணினிக்குள் எங்கே தேடுவது?

முதலில் சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையில் 2 ஜிபி என்று போட்டிருந்தால் 4 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். ஏற்றும்போது சுருக்கிய கோப்புகளைத் தற்காலிகமாக விரித்து வைக்கவும் இடம் வேண்டும். அடுத்து வைரஸ் தடுப்பு. விரியும் ஒவ்வொரு கோப்பையும் அது நிறுத்திச் சோதிக்கும். பழைய கணினியில் அந்த ஒன்றே போதும், மூச்சு நின்றுவிடும். நம்பகமான மூலத் தட்டு என்றால் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, தடுப்பைச் சிறிது நேரம் நிறுத்தி, ஏற்றி முடித்ததும் மறக்காமல் திரும்ப இயக்குங்கள்.

இரண்டும் இல்லை என்றால் நினைவகம். கடிதம் தட்டும்போதும் பாட்டு கேட்கும்போதும் கணினி நன்றாகத்தானே ஓடியது என்பார்கள். மென்பொருள் ஏற்றும் வேலை வேறு மாதிரி. சுருக்கி வைத்த பெரிய கோப்புகளை நினைவகத்தில் விரித்து, எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து எழுத வேண்டும். நினைவகத்தில் ஒரே ஒரு புள்ளி கெட்டிருந்தாலும் அங்கே தடுக்கி விழும். துண்டைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். இரண்டு துண்டு இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து ஏற்றிப் பாருங்கள், பிறகு மற்றொன்று. விஸ்டா பதிப்பிலிருந்து விண்டோசிலேயே நினைவகச் சோதனை இருக்கிறது. எக்ஸ்பிக்கு மெம்டெஸ்ட்86. இரவு ஓடவிட்டுத் தூங்குங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

அப்புறம் ஹார்ட் டிஸ்க். இதைச் சோதிக்கும் முன் கல்யாணப் படங்கள், பிள்ளைகளின் படங்களை எல்லாம் வேறு இடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க் சோதனையின் நடுவிலேயே போய்விடுவது உண்டு. சி டிரைவின் ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், எரர் செக்கிங் என்று போனால் சோதனை தொடங்கும். விண்டோஸ் தானே எழுதி வைக்கும் குறிப்பும் உதவும். ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, நின்ற நேரத்துக்கு நேரே 7 என்ற எண்ணோடு சிவப்புக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் சிடிரோம் என்று இருந்தால் தட்டில் படிக்க முடியாத இடம், டிஸ்க் என்று இருந்தால் ஹார்ட் டிஸ்க்கில். காசு செலவில்லாத சாட்சி.

கடைசியாகச் சூடு. பெட்டியைத் திறந்து செயலியின் மேல் இருக்கும் விசிறியைப் பாருங்கள். தூசி கம்பளி போலப் படர்ந்திருந்தால் அதுதான் காரணமாக இருக்கும். அப்படியே தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) நிற்கும் சின்ன உருளைகளின் தலையையும் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ மின்தேக்கி போய்விட்டது. 2000க்குப் பின் சில ஆண்டுகள் வந்த பலகைகளில் இது உலகம் முழுக்க இருந்த நோய்.

மத்தியானம் நன்றாக ஏறுகிறது. மாலை ஏழு மணிக்கு மேல்தான் நிற்கிறது. பேய் பிசாசா?

பேய் இல்லை, மின் அழுத்தம். வீட்டில் ஐஸ்பெட்டி மோட்டார் எழும்போது விளக்கு மங்குகிறதா? எல்லா வீட்டிலும் விளக்கும் ரைஸ் குக்கரும் ஏர்கோண்டும் ஓடும் நேரத்தில் இழுவை கூடும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் குறைந்து வந்தால் வயதான பவர் சப்ளை தாங்காது. சிடி டிரைவ் வேகமெடுக்கும் அந்த நொடியில் தடுமாறும். அழுத்தத்தைச் சீர்செய்யும் வசதியோடு கூடிய யுபிஎஸ் ஒன்று போதும். அதன் பேட்டரியை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இடி இடித்தால் யுபிஎஸ்ஸை நம்பாதீர்கள். பிளக்கையும் தொலைபேசிக் கம்பியையும் பிடுங்குங்கள்.

பழைய மென்பொருள் புதுக் கணினியில் ஏறவே மாட்டேன் என்கிறது.

விண்டோஸ் 95 காலத்துத் தட்டுகள் சிலவற்றில் ஏற்றும் நிரலே 16 பிட் என்ற பழைய வகை. இன்றைய 64 பிட் விண்டோசில் அது ஓடாது, எத்தனை முறை துடைத்தாலும் ஓடாது. சில பழைய விளையாட்டுத் தட்டுகளில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருக்கும். விண்டோஸ் 10 அதை ஏற்பதில்லை. 7, 8 பதிப்புகளிலும் 2015 செப்டம்பர் மேம்படுத்தலோடு அது நிறுத்தப்பட்டது. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓடவிடும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள் பழைய விண்டோசை வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றால் பழைய கணினியையே இணையம் இல்லாமல் வைத்திருங்கள். எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு மேம்படுத்தல் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டது.

பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோயில் அழைப்பிதழைத் திறக்கத்தான் அந்தச் சிடி வேண்டும் என்றால், ஏற்றவே தேவையில்லை. பழைய குறியீட்டை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன.

சேஃப் மோடில் ஏற்றிப் பார்க்கலாமா?

பெரும்பாலும் ஏறாது. சேஃப் மோடில் விண்டோஸ் அத்தியாவசியமானதை மட்டும் வைத்துத் தொடங்கும், மென்பொருள் ஏற்ற உதவும் விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை அங்கே ஓடாது. அதற்குப் பதில் விண்டோசின் எம்எஸ்கான்ஃபிக் கருவியைத் திறந்து, மைக்ரோசாஃப்ட் அல்லாத சேவைகளை அணைத்துவிட்டு மறுபடி தொடங்கி ஏற்றுங்கள்.

பாதி ஏறி நின்ற மென்பொருளை என்ன செய்வது?

கணினியை மறுபடி தொடங்கி, கண்ட்ரோல் பேனலில் அதன் பெயர் இருந்தால் நீக்குங்கள். நீங்கவில்லை என்றால் சிஸ்டம் ரீஸ்டோர் மூலம் ஏற்றுவதற்கு முந்தைய நாளுக்குத் திரும்பிப் போங்கள். பாதிச் சோற்றின் மேல் புதுச் சோறு வடிக்காதீர்கள், இரண்டும் கெடும்.

புது மடிக்கணினியில் சிடி போடும் இடமே இல்லை.

தட்டு நன்றாக ஓடும் கணினியில் போட்டு ஐஎஸ்ஓ கோப்பாக (தட்டின் முழு நகலை ஒரே கோப்பாக) எடுத்து, பென் டிரைவில் கொண்டுவாருங்கள். விண்டோஸ் 8இலிருந்து அந்தக் கோப்பை இருமுறை தட்டினால் தட்டு போட்டது போலவே திறக்கும். நல்ல நிலையில் இருக்கும் எல்லாத் தட்டுகளையும் இப்போதே இப்படி எடுத்து வையுங்கள். தையல் கடை அக்காவுடையதை நான் எடுத்து வைத்துவிட்டேன்.

கணினி நின்றுவிட்டது, தட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது. எப்படி எடுப்பது?

மின்சாரத்தை அடைத்து, தட்டு சுழல்வது நிற்கும் வரை ஒரு நிமிடம் பொறுங்கள். டிரைவின் முகப்பில் ஊசிமுனை அளவு துளை ஒன்று இருக்கும். காகிதக் கவ்வியை நேராக்கி அதற்குள் நேரே அழுத்தினால் தட்டைத் தாங்கும் தட்டம் அரை விரல் வெளியே வரும், மீதியைக் கையால் இழுத்துக்கொள்ளலாம். சேலைக்குக் குத்தும் சின்ன ஊசி வேண்டாம். போன மாதம்கூட ஒன்றை டிரைவுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன்.